வார இறுதியில் கொச்சி: பூட்டிய கதவுகளில் முட்டாமல் சுற்றிப்பார்க்க மாணவர்களுக்கு முழு வழிகாட்டி

கோவையிலிருந்து கல்லூரி மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகக் கொச்சிக்கு அழைத்துப் போய்வருகிறேன். தாங்களாகவே போய்வந்த பிள்ளைகளிடமும் உட்கார்ந்து விசாரிப்பேன். பெரும்பாலும் ஒரே கதைதான். சனிக்கிழமை காலை இறங்கி, ஆசையோடு நேரே மட்டாஞ்சேரிக்குப் போய், யூதர்களின் ஜெப ஆலயத்தின் பூட்டிய கதவு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். மறுநாள் காலை தேவாலயத்துக்குப் போனால் உள்ளே ஆராதனை நடந்திருக்கும். அப்புறம் வெயிலில் அலைந்து கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருக்கும்.

ஊர் சின்னது. ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அடுத்தடுத்து இருப்பவை, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். இரண்டு நாள் தாராளமாகப் போதும். ஆனால் எதைச் சனிக்கிழமை பார்ப்பது, எதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைப்பது என்ற வரிசை மாறினால் பாதி இடங்களை வெளியிலிருந்துதான் பார்ப்பீர்கள். அதனால் இந்த வழிகாட்டி அந்த வரிசையிலிருந்தே தொடங்குகிறது.

1. முதலில் கிழமைக் கணக்கு

டிக்கெட் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று கட்டம் போடுங்கள்.

வெள்ளி: மசூதிகளில் மதியம் ஜும்ஆ தொழுகை. அன்று மதியம் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. டச்சு அரண்மனை என்று எல்லோரும் சொல்லும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஜெப ஆலயமும் வெள்ளி மதியத்துக்குமேல் இருக்காது.

சனி: யூதர்களின் ஓய்வுநாள். ஜெப ஆலயம் முழுநாளும் மூடியிருக்கும். தேவாலயங்கள் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு.

ஞாயிறு: காலையில் தேவாலயங்களில் ஆராதனை. சுற்றிப்பார்க்க வருபவர்களை அந்த நேரத்தில் உள்ளே விட மாட்டார்கள். ஜெப ஆலயம் திறந்திருக்கும், அரண்மனையும் திறந்திருக்கும்.

கோயில்களுக்குக் கிழமை பிரச்சினை இல்லை, மணிதான் பிரச்சினை. கேரளக் கோயில்களில் அதிகாலையில் நடை திறந்து, பதினொரு மணியை ஒட்டிச் சாத்திவிடுவார்கள். திரும்ப மாலையில்தான்.

இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு வரிசைதான் சரிவரும்: சனிக்கிழமை ஃபோர்ட் கொச்சியும் தேவாலயங்களும், ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியும் மற்றவையும். வெள்ளி மதியமே கிளம்பி ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்து பார்ப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இருக்காது. வகுப்பை விட வேண்டாம்.

2. எந்த வாரம் போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்பதால் அந்த மாதங்களை விட்டுவிடுவது நல்லது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வசதி. ஆனால் டிசம்பர் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம். புத்தாண்டுக்குக் கொச்சிக் கார்னிவல் நடக்கும், டிசம்பர் 31 இரவு பாப்பாஞ்சி என்ற பெரிய உருவத்தைக் கடற்கரையில் எரிப்பார்கள், அதைப் பார்க்க ஊரே திரளும். அறை கிடைக்காது, கிடைத்தாலும் மாணவர் கைக்கு அடங்காது.

அடுத்து யூதப் பண்டிகைகள். செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, பாவ நிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று அடுத்தடுத்து வரும். மார்ச், ஏப்ரலில் பஸ்கா. அந்த நாட்களில் ஞாயிறானாலும் ஜெப ஆலயம் மூடியிருக்கும். அவர்கள் காலண்டர் சந்திரனை வைத்து ஓடுவது, தேதி வருடா வருடம் மாறும். கைப்பேசியில் அந்த வருடத் தேதிகளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டால் போதும். இதை யாருமே பார்ப்பதில்லை.

ரமலான் மாதத்தில் மட்டாஞ்சேரியில் பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். அதே மாதத்தில் மாலைத் தெருக்கள் அவ்வளவு கலகலப்பாக இருக்கும். இது தவிர்க்க வேண்டிய காரணம் இல்லை, தெரிந்துவைத்துப் போக வேண்டியது. இன்னொன்று, கிளம்பும் முன்னால் கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். ஹர்த்தால் என்றால் கடை, வண்டி எல்லாம் நின்றுவிடும்.

3. திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள்

எல்லோரும் போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ஞாயிறு மாலை எர்ணாகுளத்திலிருந்து கோவை, பெங்களூரு பக்கம் வரும் ரயில்களில் படிக்கிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் திரும்புவார்கள். பொதுப்பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. அன்றே திரும்பும் டிக்கெட்டை எடுங்கள், அதற்கு ஏற்றாற்போலப் போவதை எடுங்கள்.

கோவையிலிருந்து சுமார் நாலு மணி நேரம். சென்னையிலிருந்து வெள்ளி இரவு ஏறினால் சனி காலை இறங்கலாம்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. எர்ணாகுளத்தில் இரண்டு நிலையங்கள்: எர்ணாகுளம் ஜங்ஷன், எர்ணாகுளம் டவுன். ஊர்க்காரர்கள் சவுத், நார்த் என்பார்கள். திருவனந்தபுரம் போகும் பல ரயில்கள் டவுனில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். போகும்போது டவுனில் இறங்கியவர்கள், திரும்பும்போதும் அங்கேதான் என்று நினைத்துப் போய் நின்று, ஜங்ஷனிலிருந்து கிளம்பும் ரயிலை விட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டில் நிலையத்தின் முழுப் பெயரைப் படித்து, குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள்.

4. தங்குவது கடலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

எர்ணாகுளத்தில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் எடுப்பது சுலபமாகத் தெரியும். நான் அதைச் சொல்ல மாட்டேன். ஃபோர்ட் கொச்சியிலேயே தங்குங்கள். சனி மாலை கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டாம், ஞாயிறு காலை ஏழு மணிக்கே மட்டாஞ்சேரிக்குக் கிளம்பலாம். வீடுகளில் அறை விடும் ஹோம்ஸ்டேக்களும், படுக்கைக்கு இவ்வளவு என்று வாங்கும் டார்மிட்டரிகளும் அங்கே நிறைய.

பதிவு செய்யும் முன்னால் போனில் மூன்று விஷயம் கேளுங்கள். காலை ஒன்பதுக்கே வந்தால் பைகளை வைத்துவிட்டுப் போகலாமா? பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்த குழு என்றால் அறை தருவீர்களா? ஞாயிறு அறையைக் காலி செய்த பிறகு மாலை வரை பை இருக்கலாமா? மூன்றாவதுதான் முக்கியம். ஜெப ஆலயத்துக்குள் பையோடு விட மாட்டார்கள். முதுகில் மூட்டையோடு போனால் ஒருவர் வெளியே காவல் இருக்க வேண்டியதுதான்.

எல்லோரும் அசல் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். ஒருவரிடம் இல்லாவிட்டாலும் பதிவேட்டில் எழுத மறுப்பார்கள்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

முழங்காலுக்குக் கீழே வரும் உடை, தோளை மூடும் சட்டை. எல்லா மதத்தாரின் இடத்துக்கும் இது ஒன்றே போதும், தனித்தனியாக யோசிக்க வேண்டாம். அரைக்கால் சட்டை போட்டுப் போனால் எங்கேயாவது ஓர் இடத்தில் நிறுத்துவார்கள்.

பெண்பிள்ளைகள் ஒரு துப்பட்டா. பையன்கள் ஒரு வேட்டி, கோயிலுக்கு.

எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்தாறு தடவை கழற்றுவீர்கள். கயிறு கட்டும் ஷூவில் நேரமும் பொறுமையும் போகும். தோல் பெல்ட், தோல் பர்ஸ் வேண்டாம். ஜெயின் கோயிலுக்குள் தோல் பொருள் கூடாது.

பத்து, இருபது ரூபாய் நோட்டுகள். படகுக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது, நுழைவுக் கட்டணங்களும் சில்லறைதான். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் வரிசையே நிற்கும்.

ஒரு சின்ன நோட்டும் பேனாவும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

6. ஒரு சொல்: பள்ளி

கிளம்புவதற்கு முன் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய மலையாளச் சொல் இது. நமக்குப் பள்ளி என்றால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் பள்ளிவாசல். அங்கே தேவாலயமும் பள்ளி, மசூதியும் பள்ளி, யூதர்களின் ஜெப ஆலயமும் பள்ளிதான். ஆட்டோவில் ஏறி வெறுமனே ‘பள்ளி’ என்றால் ஓட்டுநர் தனக்குப் பக்கத்தில் தெரிந்த பள்ளிக்குக் கொண்டுபோவார், அவர் மேல் தப்பில்லை. ஜூதப் பள்ளி, செம்பிட்டப் பள்ளி, சாந்தா குரூஸ் பசிலிக்கா என்று முழுப்பெயர் சொல்லுங்கள்.

மூன்று மதத்தாரின் தொழுமிடத்துக்கும் ஒரே சொல் புழங்குகிற ஊருக்குப் போகிறீர்கள். இரண்டு நாளும் இது காதில் விழும்போது கவனியுங்கள்.

7. சனி காலை: படகில் போங்கள்

ரயில் இறங்கியதும் பேருந்தோ ஆட்டோவோ பிடித்து நேரே ஃபோர்ட் கொச்சி போகலாம்தான். தோப்பும்படி வழியாகச் சுற்றிக்கொண்டு, நெரிசலில் நின்று நின்று போகும். படகில் போனால் நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

ஜங்ஷனிலிருந்து எர்ணாகுளம் போட் ஜெட்டி பக்கம்தான், ஆட்டோவில் சில நிமிடம். அங்கே மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு. ஃபோர்ட் கொச்சிக்கு ஒரு படகு, மட்டாஞ்சேரிக்கு வேறு, வைப்பினுக்கு வேறு. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரைச் சொன்னாலும், ஏறும்போது இன்னொரு தரம் கேட்டுவிட்டு ஏறுங்கள். உயர் நீதிமன்றத்துப் பக்கத்திலிருந்து வாட்டர் மெட்ரோவும் போகிறது. குளிர்சாதன வசதி, கட்டணம் கூடுதல், வார இறுதியில் வரிசை நீளம். போகும்போது பழைய படகு, நேரம் இருந்தால் ஒருமுறை வாட்டர் மெட்ரோ என்று வைத்துக்கொள்ளலாம்.

8. சனி பகல்: தேவாலயங்கள்

அறையில் பையைப் போட்டுவிட்டு நேரே புனித பிரான்சிஸ் தேவாலயம். இதை முதலில் வைப்பதற்குக் காரணம், வெயில் ஏறினால் பேருந்துகளில் வரும் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடும். உள்ளே அமைதியாக அரைமணி நேரம் வேண்டும்.

உள்ளே போனதும் எல்லோரும் வாஸ்கோடகாமாவின் கல்லறைக் கல்லைச் சுற்றி நிற்பார்கள். அவர் 1524இல் கொச்சியில் இறந்து இங்கே புதைக்கப்பட்டவர். பதினாலு வருடம் கழித்து உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது இருப்பது கல் மட்டும்தான். கட்டுரையில் ‘வாஸ்கோடகாமா உறங்கும் இடம்’ என்று எழுதித் திருத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கல்லைப் பார்த்ததும் வெளியேறிவிடாதீர்கள். சுவர்களைப் பாருங்கள். தரையில் இருந்த கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவரில் போர்ச்சுகீசியர் கற்கள், எதிர்ச் சுவரில் டச்சுக்காரர்கள் கற்கள். மேலே துணி விசிறிகள் தொங்கும், பங்கா என்பார்கள். அதன் கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும். வெயிலில் நின்று ஒருவர் இழுக்க, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். வெளியே வந்து அந்தக் கயிறு வரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். வரலாற்று மாணவர்களுக்கு அந்த ஓட்டை ஒரு பாடம் அளவுக்குச் சொல்லும்.

1503இல் மரத்தில் கட்டி, பிறகு கல்லில் எழுப்பிய கட்டடம் இது. முதலில் கத்தோலிக்கர், 1663க்குப் பிறகு டச்சுச் சீர்திருத்தச் சபை, அப்புறம் ஆங்கிலிக்கன், இன்று தென்னிந்தியத் திருச்சபை. ஒரே கட்டடம் கைமாறிக்கொண்டே வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனால்தான் அது புரியும்.

அடுத்தது சாந்தா குரூஸ் பசிலிக்கா, நடக்கும் தூரம்தான். பழைய தேவாலயத்தை ஆங்கிலேயர் 1795இல் இடித்தார்கள். இப்போதைய கட்டடம் 1905இல் அர்ச்சிக்கப்பட்டது, 1984இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது. பிரான்சிஸ் தேவாலயத்தின் வெறுமையான சுவர்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வண்ணமும் ஓவியமும் கண்ணை நிறைக்கும். இரண்டையும் இந்த வரிசையில் பார்க்கச் சொல்வதற்கு அதுவும் காரணம். ஒன்று சீர்திருத்தச் சபை கைக்குப் போய் அலங்காரம் களைந்தது, இன்னொன்று இடிபட்டபின் கத்தோலிக்கர் புதிதாக எழுப்பியது.

சனிக்கிழமைகளில் பசிலிக்காவில் கல்யாணம் நடக்கலாம். நடந்தால் பின்னால் நில்லுங்கள், மணமக்களைப் படம் எடுக்காதீர்கள். முடியும்வரை எதிரில் டீ குடித்துவிட்டு வரலாம்.

திருப்பலி நடக்கும்போது உட்கார்ந்து பார்க்க விரும்பினால் தாராளமாகப் பின்வரிசையில் உட்காருங்கள். ஒன்று மட்டும் கவனம். கடைசியில் வரிசையாகப் போய் குருவானவரிடம் நற்கருணை வாங்குவார்கள். நம் பிள்ளைகள் பலர் அதைக் கோயில் பிரசாதம் போல நினைத்து, மரியாதைக்காக வரிசையில் போய் நிற்பார்கள். அது அப்படி இல்லை. கத்தோலிக்கர்களுக்கு அது இயேசுவின் உடலே. அந்த விசுவாசத்தில் உள்ளவர்கள் மட்டுமே வாங்க வேண்டியது. நீங்கள் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றால் போதும், அதுதான் மரியாதை.

9. சனி பிற்பகல்: நம் பாஷை கேட்கும் ஓர் இடம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘வெளி’ என்ற பெயருள்ள மைதானத்தின் பக்கம் உள்ள டோபி கானாவுக்குப் போங்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே வேலை செய்கிறார்கள். இப்போதுள்ள சலவைக்கூடம் 1976இல் கட்டியது.

துணி காயப்போடும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கிளிப் ஒன்றுகூடக் கிடையாது, கடற்காற்றுக்கு ஒரு துணியும் பறக்காது.

இது காட்சிக்கூடம் இல்லை, வேலை நடக்கும் இடம். உள்ளே போனதும் கைப்பேசியைத் தூக்காதீர்கள். ‘அண்ணா, கோயம்புத்தூர்லருந்து வர்றோம், கொஞ்சம் பாக்கலாமா?’ என்று தமிழில் கேளுங்கள். வயதானவர்கள் பலர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். ஒரு பாட்டி எங்கள் குழுவில் இருந்த பெண்ணின் ஊரைக் கேட்டுவிட்டு, ‘எங்க மூத்தவங்க எந்த ஊர்லருந்து வந்தாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல, பாஷை மட்டும் இருக்கு’ என்றார். அதற்குப் பிறகு அந்தக் குழு அன்று வேறு எங்கும் போகவில்லை, சாயங்காலம் வரை அங்கேயே பேசிக்கொண்டிருந்தது. நானும் அவசரப்படுத்தவில்லை.

நேரம் மிச்சமிருந்தால் பஜார் ரோட்டில் ஒரு நடை. மிளகு, சுக்கு, அரிசி மண்டிகள் சனிக்கிழமை இயங்கும், ஞாயிறு பெரும்பாலும் சாத்தியிருக்கும். சூரியன் இறங்கும் நேரத்துக்குச் சீனவலைப் பக்கம் வந்துவிடுங்கள். வலையை இழுத்துப் பார்க்க அழைப்பார்கள், இழுத்து முடித்ததும் பணம் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், ஆனால் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

10. ஞாயிறு அதிகாலை: கோயில்

ஏழரைக்குள் மட்டாஞ்சேரியில் இருங்கள். செர்லாய் பக்கம் கொச்சித் திருமலை தேவஸ்வம், வேங்கடாசலபதி கோயில். பதினாறாம் நூற்றாண்டில் கோவாவில் போர்ச்சுகீசியர் நெருக்கடியில் ஊரைவிட்டு வந்த கொங்கணிகளின் கோயில் இது. சனிக்கிழமை பார்த்த தேவாலயங்களும் ஞாயிறு பார்க்கும் கோயிலும் எப்படி ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று இங்கே நின்றால் தெரியும்.

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி நல்லது. சந்தனத்தைக் கையில் தொடாமல் மேலிருந்து போடுவார்கள், உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் கையை நீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள்.

இனி ஒரு சங்கடமான விஷயம். கேரளத்தில் பல கோயில்களில் இந்துக்களுக்கு மட்டும் அனுமதி என்று பலகை இருக்கும். உங்கள் குழுவில் முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் இருப்பார்கள். வாசலுக்குப் போனபிறகு பலகையைப் படித்து, ‘நீ வெளிய இரு மச்சான், பத்து நிமிஷத்துல வந்துடறோம்’ என்று சொல்வது போல வேதனை வேறில்லை. அதைச் சொல்லக் கேட்ட பையனின் முகத்தை நான் பார்த்தேன்.

அதனால் இதை ஊரிலேயே, முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவில் இப்போது வைத்திருக்கும் வழி இதுதான்: எல்லோரும் போக முடியாத இடத்துக்கு யாரும் உள்ளே போவதில்லை, வெளியே நின்று கோபுரத்தையும் குளத்தையும் பார்த்துவிட்டு ஒன்றாகப் புட்டும் கடலையும் சாப்பிடப் போய்விடுவோம். வேண்டுதல் உள்ளவர்கள் இருந்தால் இரண்டு பேர் முன்னதாகவே எழுந்து தனியாகப் போய்வரட்டும். உங்களுக்கு வேறு முடிவு சரியாகப் படலாம். எதுவாக இருந்தாலும் வாசலில் நின்று முடிவு செய்யாதீர்கள்.

11. ஞாயிறு பத்து மணி: ஜெப ஆலயம்தான் முதலில்

பெரும்பாலோர் வழியில் இருக்கிறதே என்று அரண்மனைக்குள் முதலில் நுழைந்துவிடுவார்கள். வெளியே வரும்போது ஜெப ஆலயத்தின் வரிசை தெரு முனை வரை இருக்கும். ஜெப ஆலயம் காலை பத்து மணிக்குத் திறந்து ஒரு மணிக்குச் சாத்துவார்கள், பிறகு மூன்றிலிருந்து ஐந்து. அரண்மனை மாலை வரை திறந்திருக்கும். ஆகவே குறுகிய நேரம் உள்ளதை முதலில் முடியுங்கள். ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நில்லுங்கள்.

ஜூ டவுன் தெரு முழுக்கக் கடைகள். ‘ஜஸ்ட் லுக்’ என்று அழைப்பார்கள். திரும்பும்போது வருகிறோம் என்று சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

உள்ளே போகும் முன் 1760இல் கட்டிய மணிக்கூண்டை அண்ணாந்து பாருங்கள். ஒரு முகத்தில் ரோமன் எண்கள், இன்னொன்றில் ஹீப்ரு எழுத்து. உள்ளே நுழைந்ததும் முதல் அறையில் கேரள யூதர்களின் கதையைச் சொல்லும் ஓவியங்கள் இருக்கும். அதைத் தாண்டி ஓடாதீர்கள், படித்துவிட்டுப் போனால்தான் பிறகு பார்ப்பது பிடிபடும். ஓவியம் சொல்லும் செப்பேடு, சுமார் ஆயிரமாவது ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது, வட்டெழுத்தில் வெட்டியது. நம் பழைய கல்வெட்டுகளில் உள்ள அதே வட்டெழுத்துதான்.

வெளிச்சுவரில் ஹீப்ரு எழுத்து வெட்டிய ஒரு கல் பதித்திருக்கும். 1344இல் கொச்சங்காடியில் கட்டிய பழைய ஜெப ஆலயத்தின் கல் அது. இந்தப் பரதேசி (வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பொருள்) ஜெப ஆலயம் 1568இல்தான் கட்டப்பட்டது. பக்கத்தில் போகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் அந்தக் கல்லைக் கவனிப்பதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலுக்குக் கீழே நீலம். கையால் வண்ணம் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகள், பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுவந்து பதித்தவை. தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒருமுறை ஒரு மாணவி முட்டி போட்டு உட்கார்ந்து, அடுத்தடுத்த இரண்டு ஓடுகளில் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் கிளை இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அப்புறம் குழு முழுக்கத் தரையைத்தான் பார்த்தது. தலைக்குமேல் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளைப் பார்க்க நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

உள்ளே குரலைத் தாழ்த்துங்கள், கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். 1948க்குப் பிறகு யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், இங்கே மிச்சமிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் இதை அருங்காட்சியகம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றும் இது ஜெப ஆலயம்.

12. நண்பகல் முதல் நாலு மணி வரை

பன்னிரண்டுக்குள் குஜராத்தி ரோட்டில் உள்ள தர்மநாத் ஜெயின் கோயில், 1904இல் கட்டியது. நண்பகலை ஒட்டிப் புறாக்களுக்குத் தானியம் இடுவார்கள், வானம் முழுக்கச் சிறகடிப்பாக இருக்கும். அதற்காகவே இந்த நேரம். அதே தெருவில் சைவச் சாப்பாடும் குஜராத்தி இனிப்பும் கிடைக்கும். பிரியாணி வேண்டுமென்றால் மட்டாஞ்சேரி புது ரோட்டில் காயிக்கா கடை, தாமதித்தால் தீர்ந்துவிடும்.

சாப்பிட்டுவிட்டு அரண்மனை. வெயில் நேரத்தை உள்ளே கழிக்கலாம். போர்ச்சுகீசியர் 1555இல் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் ஓவியமாக ஓடும். அங்கே மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தசரதன் வேள்வியிலிருந்து ஆரம்பித்துத் தொடர்ச்சியாகப் பார்த்தால்தான் கதை பிடிபடும், நடுவில் புகுந்தால் கூட்டத்தில் யார் யார் என்றே தெரியாது. படம் எடுக்கக் கூடாது.

அடுத்து கொச்சங்காடியில் செம்பிட்டப் பள்ளி. கூரைக்குச் செம்பு வேய்ந்ததால் அந்தப் பெயர். தொலைவிலிருந்து பார்த்தால் மரவேலையும் சரிவுக் கூரையும் கேரளக் கோயில் போலவே தோன்றும். மதியத் தொழுகை முடிந்து, மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் போவது சரி. வாசலில் யாராவது பெரியவர் இருந்தால் சலாம் சொல்லி, மாணவர்கள் என்று சொல்லி, எதுவரை வரலாம் என்று கேளுங்கள். பெண்களைத் தொழுகைக் கூடத்துக்குள் விடாமல் இருக்கலாம். அப்படியானால் கோயிலுக்கு வைத்த அதே முடிவை இங்கேயும் வையுங்கள், எல்லோரும் வெளியிலிருந்தே பாருங்கள். காலையில் பார்த்த 1344ஆம் ஆண்டுக் கல் இந்தக் கொச்சங்காடியிலிருந்து போனதுதான் என்று இங்கே நின்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கால் ஓயாதவர்கள் கூனன் குரிசுப் பள்ளியையும் பார்க்கலாம். 1653 ஜனவரி 3இல் சிரியன் கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசியப் பாதிரிகளின் அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று சத்தியம் செய்த இடம். மற்றவர்கள் டீக்கடையில் உட்காரலாம்.

ஒரு எச்சரிக்கை. மட்டாஞ்சேரியில் சில ஆட்டோக்காரர்கள் மிகக் குறைந்த காசுக்கு எல்லா இடமும் காட்டுகிறேன் என்பார்கள். நடுவில் ஒரு கடைக்குள் ஐந்து நிமிடம் போய்வரச் சொல்வார்கள், அப்புறம் இன்னொன்று. காசு மிச்சமாகும், மேலே சொன்ன நேரக்கணக்கு எல்லாம் போய்விடும். இடத்துக்கு இடம் தனித்தனியாகப் பேசி ஏறுங்கள், இல்லாவிட்டால் நடங்கள்.

13. திரும்புவது

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ஞாயிறு மாலை பாலங்களில் நெரிசல் இருக்கும், படகுக்கும் வரிசை இருக்கும். பையை அறையில் விட்டிருந்தால் அதை எடுக்க ஃபோர்ட் கொச்சி போய்வரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். படகு எத்தனை மணிக்கு என்பதை ஞாயிறு காலையிலேயே கவுண்டரில் கேட்டுவைத்தால் பதற வேண்டாம்.

நோட்டும் பேனாவும் ரயிலுக்குத்தான். அரண்மனை ஓவியமோ ஜெப ஆலயத்துத் தரையோ உங்கள் கைப்பேசியில் இருக்காது. எந்தச் சுவரில் போர்ச்சுகீசியர் கற்கள், எந்தச் சுவரில் டச்சுக் கற்கள், ஓட்டில் கிளை எந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது, பாட்டி என்ன சொன்னார் என்பதெல்லாம் மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் கலைந்துவிடும். ஆளுக்கு இரண்டு இடம் என்று பிரித்துக்கொண்டு, திருச்சூர் தாண்டியதும் எழுத ஆரம்பித்தால் பாலக்காடு வருவதற்குள் முடித்துவிடலாம். அதற்குமேல் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள்.